16 கேள்விக்கு எனக்கு 6.1, நைட் சூப்பர்வைசர் அக்காவுக்கு 3.9: இதை வச்சு ஆஸ்பத்திரி மேனேஜரை எடைபோட முடியுமா?

கேள்வி: கம்பம்மெட்டுக்காரன்

வணக்கம். கம்பம் பக்கம் 90 படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நான் ஆபரேஷன்ஸ் மேனேஜர். பேருதான் பெருசு. லிஃப்ட் நின்னா நான், ஏசி ஒழுகினா நான், டாக்டருக்கும் சிஸ்டருக்கும் முட்டிக்கிட்டா நான், பில்லுல தகராறுன்னா நான். 2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தப்ப அந்த ஃபார்ம் போடறதுக்குன்னு கவுண்டர்ல எடுத்தாங்க. அங்கிருந்து மெல்ல ஏறி வந்தவன். எம்பிஏ எல்லாம் பெறகு தபால்ல படிச்சது.

எங்க ஊரு தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. விடியறதுக்கு முன்னாடியே ஜீப்பு ஜீப்பா பொம்பளையாளுக ஏலத்தோட்ட வேலைக்கு மேல கேரளாவுக்கு ஏறிருவாங்க, குமுளி வழியா கொஞ்சம், கம்பம்மெட்டு வழியா கொஞ்சம். ரேஷன் கார்டு இந்தப் பக்கம், கூலி அந்தப் பக்கம். எங்க சிஸ்டருகள்ல பாதிப்பேரு கட்டப்பனை, நெடுங்கண்டம். கேஷுவால்டியில தமிழு, மலையாளம், ரெண்டையும் போட்டுக் குழப்புன எங்க பாஷைன்னு மூணும் ஒரே நேரத்துல ஓடும்.

இந்த வருஷம் மேனேஜர், சூப்பர்வைசர்களுக்கு அப்ரைசல்ல 'உணர்வு நுண்ணறிவு'ன்னு 20 மார்க் புதுசா சேத்திருக்காங்க. ஒரு ட்ரெய்னர் வந்தாரு. காலையில வகுப்பு, மத்தியானம் பிரிஞ்சி சாதம், சாயங்காலம் ஒரு ஃபார்ம். 16 கேள்வி. கோவம் வந்தா அடக்கத் தெரியுமா, எதிராளி மனசு புரியுமா, இந்த மாதிரி. ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும் நமக்கு நாமளே போட்டுக்கணும். என் சராசரி 6.1. எங்க நைட் சூப்பர்வைசர் அக்கா, 26 வருஷ சர்வீஸ், 3.9. எல்லாருக்கும் கடைசி. அவங்க பேருக்கு நேரா 'முன்னேற்றம் தேவை'ன்னு சிவப்புல அடிச்சு வந்துச்சு.

மூணு வாரம் கழிச்சு நடந்ததுதான் என்னை இங்க எழுத வைக்குது.

ராத்திரி ஒண்ணே முக்கால். ஐசியுல இருந்த ஒரு பெரியவர் தவறிட்டாரு. அவரு சம்சாரம் தோட்டத்து வேலைக்காரம்மா, கீழ போர்ட்டிகோவுல உக்காந்திருக்கு. டூட்டி டாக்டர் வெளிய வந்து, வாசல்ல நின்ன ஆளுகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டு அடுத்த கேசுக்கு ஓடிட்டாரு. அந்த ஆளு சொந்தக்காரர் இல்லை, கூட்டிட்டு வந்த ஜீப் டிரைவர். அவருக்கு வாய் வரல. டீ வாங்கிட்டு வர்றேன்னு போனவரு திரும்பல. டாக்டர் சொல்லியாச்சுன்னு சிஸ்டர் நினைச்சிருச்சு. சிஸ்டம்ல ஃபைல் குளோஸ் ஆனதும் பில்லிங்ல இருந்த பையன் ஜன்னல் வழியா பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அந்தம்மா முந்தானையில முடிஞ்ச காசோட எந்திரிச்சுப் போச்சு, மருந்துக்குத்தான் கூப்பிடறாங்கன்னு. அவன் சொன்னது: "34,200 பாக்கி இருக்கும்மா. கட்டிட்டீங்கன்னா பாடிய எடுத்துக்கலாம்."

புருஷன் செத்தது அந்தம்மாவுக்குத் தெரிஞ்சது அந்த ஜன்னல்ல.

நான் வீட்ல இருந்து வந்து சேர்றப்ப 30 பேரு கூடிட்டாங்க. இதெல்லாம் எனக்கு அப்ப தெரியாது. பில் தகராறுன்னுதான் நினைச்சேன். ட்ரெய்னர் சொல்லிக்கொடுத்த மாதிரி குரலைத் தாழ்த்தி, "உங்க வேதனை எனக்குப் புரியுது"ன்னேன். மகன் சட்டையைப் பிடிச்சுட்டான். "என்னடா புரியுது உனக்கு?" எனக்குக் கோவம் வரல, அதுவரைக்கும் ஃபார்ம்ல போட்டது சரிதான். "பில்லுல பாத்துக் குறைச்சுக்கலாம்"னு சொன்னேன் பாருங்க, நெருப்புல மண்ணெண்ணெய் ஊத்துன மாதிரி ஆயிருச்சு.

அக்கா மாடியில இருந்து இறங்கி வந்துச்சு. கூட்டத்தைத் திரும்பிக்கூடப் பாக்கல. அந்தம்மா பக்கத்துல தரையில உக்காந்து, "உனக்கு வந்து சொன்னது யாரு?"ன்னு கேட்டுச்சு. அந்தம்மா கவுண்டர் பக்கம் கையைக் காட்டுச்சு. அக்கா ஒரு நிமிஷம் பேசல. பெறகு எந்திரிச்சு மகன்கிட்ட, "தம்பி, தப்பு எங்களுது. நாங்கதான் வந்து சொல்லிருக்கணும். சொல்லல"ன்னுச்சு. சட்டையில இருந்த கை இறங்குச்சு. குழாயெல்லாம் எடுத்து, முகம் துடைச்சு, புது பெட்ஷீட் போட்டுட்டுத்தான் அக்கா கீழயே வந்திருக்கு. ரெண்டு ரெண்டு பேரா மேல கூட்டிட்டுப் போச்சு.

எனக்கு 6.1. அக்காவுக்கு 3.9. இந்த நம்பருக்கும் வேலைக்கும் நெசமாவே சம்பந்தம் இருக்குன்னு ஆராய்ச்சி ஏதும் இருக்கா? சனிக்கிழமைக்குள்ள எம்டி (நிர்வாக இயக்குநர்) என் கருத்தை எழுதிக் கேட்டிருக்காரு. 'இது வேஸ்ட்'னு எழுதிரலாமா, இல்ல வேற மாதிரி அளக்கறதுக்கு வழி இருக்கா?

---

பதில் 1: சித்தூர் வாத்தியார்

(பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருங்க. ஆந்திராக்காரங்க சண்டைக்கு வரவேண்டாம். கொழிஞ்சாம்பாறைக்காரன், கல்லூரியில புள்ளியியல் எடுக்கறேன்.)

வேஸ்ட்னு எழுதாதீங்க. விஷயம் வேஸ்ட் இல்லீங்க, அளந்த விதம்தான் கோளாறு.

உணர்வு நுண்ணறிவுங்கறதை ஒரு திறமையா வரையறுத்து 1990ல சாலவேயும் மேயரும் கட்டுரை எழுதினாங்க. 1995ல கோல்மன் புத்தகம் வந்த பிறகுதான் ஆபீஸ் ஆபீஸா பரவுச்சு. உங்க ஃபார்ம் 16 கேள்வி, 7 வரைக்கும் மார்க்குன்னு சொன்னதை வச்சுப் பாத்தா, ஹாங்காங்ல வாங், லா ரெண்டு பேரும் 2002ல வெளியிட்டதாவோ அதோட நகலாவோ இருக்கணும். தன் உணர்வை அறியறது, அடுத்தவங்க உணர்வை அறியறது, உணர்வைப் பயன்படுத்தறது, கட்டுப்படுத்தறதுன்னு நாலு பகுதி, பகுதிக்கு நாலு கேள்வி. நல்ல கருவிதானுங்க. ஆனா அதைச் செஞ்சது ஆராய்ச்சிக்கு. இன்கிரிமென்ட் போடறதுக்கு இல்லை. இன்கிரிமென்ட் தொங்குதுன்னு தெரிஞ்சா எவன் தனக்கு 3 போடுவான்? உங்க அக்கா போட்டிருக்காங்க. அதுவே ஒரு சேதி.

அதே 2002 ஆய்வுல மேலாளர்களைப் பத்தி ஒண்ணு உண்டு. தலைவரோட உணர்வு நுண்ணறிவு கீழ வேலை செய்யறவங்களோட மனநிறைவையும், யாரும் கேக்காம அவங்களாச் செய்யற கூடுதல் வேலையையும் கூட்டுதுன்னு வந்துச்சு. ஆக, மேனேஜரோட மார்க்கை அவரோட ஃபார்ம்ல தேடாம, அவருக்குக் கீழ இருக்கற சிஸ்டருங்ககிட்டத் தேடணும்.

வேலைத்திறனோட தொடர்பு எவ்வளவுன்னு கேட்டீங்க. பல ஆய்வுகளை ஒண்ணாச் சேத்து 2011ல ஓபாயில் குழு கணக்குப் போட்டுச்சு. எந்த வகைத் தேர்வா இருந்தாலும் ஒட்டுறவு (ரெண்டு விஷயம் எவ்வளவு சேந்து போகுதுன்னு காட்டற எண்; 0ன்னா தொடர்பே இல்லை, 1ன்னா முழுசா சேந்து போகுது) 0.24ல இருந்து 0.30க்குள்ள. 0.30ஐ வர்க்கம் எடுத்தா 0.09. அதாவது ஆளுக்கு ஆள் வேலையில தெரியற வித்தியாசத்துல 9 சதவீதம்தான் இதோட சேந்து போகுது. ஒதுக்கிவிடற அளவும் இல்லை, ஒருத்தரோட பேருக்கு நேரா சிவப்பு மை அடிக்கற அளவும் இல்லைங்க.

உங்க தொழிலுக்கு முக்கியமானது 2010ல ஜோசஃபும் நியூமனும் கண்டது. வேலையில உணர்வைக் கையாள வேண்டியது எந்த அளவுக்கு அதிகமோ அந்த அளவுக்குத் தொடர்பு கூடுது. அது குறைவா இருக்கற வேலைகள்ல தொடர்பு காணாமப் போகுது, சிலதுல தலைகீழாக்கூடப் போகுது. உங்க அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கும் நைட் சூப்பர்வைசருக்கும் ஒரே 20 மார்க் வைக்கறது எதுல சேத்தி?

இன்னொண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. ஷெல்டன், டன்னிங், ஏம்ஸ் மூணு பேரும் 2014ல செஞ்ச ஆய்வு. தனக்குத் தானே மார்க் போடற ஃபார்ம் இல்லாம, முகத்தைக் காட்டி, சூழ்நிலையைச் சொல்லி விடை கேக்கற திறமைத் தேர்வு ஒண்ணு உண்டு. 141 கேள்வி. அந்த மாதிரித் தேர்வுல அடிமட்டத்துல வந்தவங்கதான் தங்களைப் பத்தி அதிகமா மிகைப்படுத்திச் சொன்னவங்க. குறை இருக்குன்னு காட்டினப்ப 'இந்தத் தேர்வே சரியில்லை'ன்னு சொன்னதும், திருத்திக்க ஆர்வம் காட்டாததும் அவங்கதான். 6.1 போட்ட நீங்க இங்க வந்து கேக்கறீங்க பாருங்க, அதனால உங்களை அந்தக் கூட்டத்துல சேக்க மாட்டேன்.

---

பதில் 2: செங்கோட்டை பழைய மேட்ரன்

தம்பி, நான் புனலூர்ப் பக்கம் 19 வருஷம், தென்காசிப் பக்கம் 12 வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவ. வாத்தியார் சொன்ன கணக்கு எனக்கு முழுசா ஓடலை. நடப்பைச் சொல்லுதேன்.

அந்த ராத்திரி ஐசியுல எத்தனை பேஷண்டு, எத்தனை சிஸ்டர்? அதை எழுதவே இல்லையே. ஆறு பேஷண்டுக்கு ரெண்டு பிள்ளேளு இருந்திருந்தா, அதுல ஒருத்தி பாடிய ரெடி பண்ணுதா, இன்னொருத்தி அஞ்சு மானிட்டரைப் பாக்கா. கீழ இறங்கி அந்தம்மாவைத் தேடிச் சொல்ல ஆளு எங்க இருக்கு? டூட்டி லிஸ்ட்ல ஓட்டையை வச்சிக்கிட்டு மனுசங்க மனசுல ஓட்டைன்னு எழுதுதாவ. டபுள் டூட்டி பாத்தவளுக்கு யாரு முகமும் தெரியாது, அவ முகமே அவளுக்குத் தெரியாது.

1983லயே ஹாக்ஷீல்டுன்னு ஒரு அம்மா விமானப் பணிப்பெண்களைப் பாத்து எழுதினா, உள்ள ஒண்ணு இருக்க வெளிய சிரிக்கதும் உழைப்புத்தான், அதுக்கும் உடம்பு தேயும்னு. எங்க ட்ரெயினிங்ல சொன்னாவ. அந்தம்மா ரெண்டா பிரிப்பா: முகத்துல மட்டும் நடிக்கது, மனசையே அந்தப் பக்கம் திருப்பிக்கிடது. "உங்க வேதனை புரியுது"ன்னு நீங்க சொன்னது மொதல் வகை. செத்த வீட்டுக்காரனுக்கு அது அரை நொடியில தெரிஞ்சு போவும். உங்க அக்கா புரியுதுன்னு சொல்லவே இல்லை பாத்தியளா? கேள்வி கேட்டா, தப்பை ஒத்துக்கிட்டா.

கெட்ட சேதி சொல்லதுக்கு ஆறு படி வச்சு ஒரு முறை உண்டு. கேன்சர் டாக்டர்மாருக்காக 2000ல வந்தது. மொதப் படி என்ன தெரியுமா? இடத்தைத் தயார் பண்ணு, உக்காரு. ரெண்டாவது, அவுகளுக்கு என்ன தெரியும்னு கேளு. சேதி சொல்லது நாலாவதுதான். உங்க அக்கா அதைப் படிச்சிருக்காளோ இல்லையோ, தரையில உக்காந்தா, "யாரு சொன்னா"ன்னு கேட்டா.

நாங்க புனலூர்ல வச்சிருந்த பழக்கம் ஒண்ணு. கேஸ் ஷீட்ல கடைசிப் பக்கம் சிஸ்டர் ஒரு வரி எழுதணும்: யாருக்குச் சொல்லியாச்சு, என்ன உறவு, எத்தனை மணி. 'அட்டெண்டர்'னு மொட்டையா எழுதினா நான் கிழிச்சிருவேன். மகனா, மருமகனா, பக்கத்து வீடா? அந்த வரி இல்லாம பில்லிங்குக்குப் பேப்பர் போவாது. இது ஒண்ணு இருந்திருந்தா உங்க ஜீப் டிரைவர் அன்னிக்கே மாட்டிருப்பாரு, பாவம்.

அப்புறம், காசு கட்டினாத்தான் பாடின்னு பேசதே தப்பு. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரிச்ச நோயாளி உரிமைப் பட்டியல்லயே இருக்கு, பாக்கியைக் காட்டி உடலைப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு. அதையும் எம்டிக்கு எழுதுங்க. எழுத மாட்டிய, தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கேன்.

---

பதில் 3: வாளையார் கவுண்டர்

எல்லாரும் அக்காவையும் அந்தம்மாவையும் பேசறீங்க. கேள்வி கேட்ட சாருக்கு ஒரே ஒரு கேள்விங்க. அந்த பில்லிங் பையன் என்ன ஆனான்?

நானும் இன்சூரன்ஸ் டெஸ்க்தான், எட்டு வருஷம். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் எங்களுக்குத் தெரியறது ஸ்க்ரீன் மட்டும்தான். ஃபைல் குளோஸ், பாக்கி இவ்வளவு. எதிர்ல நிக்கறவங்களுக்கு யாராவது சொல்லியாச்சா இல்லையான்னு அதுல வராது. தமிழ்நாட்டுக் காப்பீட்டுக் கார்டு இங்க செல்லாதுன்னு சொல்றதும் நாங்க, அப்ரூவல் வரலைன்னு சொல்றதும் நாங்க, திட்டு வாங்கறதும் நாங்க. ட்ரெய்னிங்குன்னா மேனேஜருக்கு மட்டும் பிரிஞ்சி சாதம் போட்டு நடத்துவாங்க.

எங்க பழைய மேனேஜர் ஒருத்தர் இருந்தாருங்க, ஆளைப் படிக்கறதுல மன்னன். யாருக்கு வீட்ல கஷ்டம், யாரு வேலையை விட முடியாதுன்னு முகத்தைப் பாத்தே சொல்லிருவாரு. அவங்களுக்கேதான் ஞாயித்துக்கிழமை டூட்டி போடுவாரு. அவருக்கும் இந்த ஃபார்ம்ல 7 வரும்.

---

கேள்வி கேட்டவர்: கம்பம்மெட்டுக்காரன்

மூணு பேருக்கும் நன்றி. வாளையார் தம்பி கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். அந்தப் பையனுக்கு மறுநாள் காலையிலேயே மெமோ போயிருச்சு. 'நோயாளியின் உறவினரிடம் அநாகரிகமாகப் பேசியது.' கையெழுத்து என்னுது. நீங்க கேக்கற வரைக்கும் அது எனக்குத் தப்பாவே படல, அதான் கேள்வியிலயும் எழுதல. ரெண்டு நாளா அவன் வேலைக்கு வரல. போன் போட்டா அவங்கம்மா எடுத்து, "அவன் சாப்பிடவே மாட்டேங்கான் சார், அந்தம்மா மூஞ்சியே கண்ணுக்குள்ள நிக்குதாம்"ங்கறாங்க. நேத்து உத்தமபாளையம் போயி அவன் வீட்டுத் திண்ணையில உக்காந்துட்டு வந்தேன். மெமோவை வாபஸ் வாங்கிட்டேன்னு பேப்பரைக் காட்டினேன். அவன் வாங்கிப் பாக்கல. திங்கக்கிழமை வர்றேன்னு மட்டும் சொன்னான்.

மேட்ரன் அம்மா, நீங்க கேட்ட கணக்கு: ஐசியுல அன்னிக்கு ஏழு பேரு, ரெண்டு சிஸ்டர். ஒரு சிஸ்டர் வேலையை விட்டுப் போயி ரெண்டு மாசமாச்சு, ஆளு போடல. போடாதது யாருன்னா, அதுவும் நான்தான். ஆள் செலவு குறைச்சதுக்கு அதே அப்ரைசல்ல எனக்கு வேற மார்க் உண்டு.

அக்காகிட்டயும் போனேன். ஃபார்ம்ல அடுத்தவங்க மனசு புரியுமாங்கற கேள்விக்கு ஏன்க்கா 3 போட்டீங்கன்னு கேட்டேன். நைட் முடிஞ்சு பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்துச்சு, கையில தூக்குவாளி. "எனக்கு எங்கப்பா புரியுது? புரியாமத்தான ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுக்கிட்டு கெடக்கேன்"னுட்டு பஸ் ஏறிருச்சு.

பழசு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. 2011 டிசம்பர்ல முல்லைப் பெரியாறு தகராறு வந்து எல்லை மூடுனப்ப, கம்பத்துலயும் குமுளியிலயும் கல்லெறி. எங்க ஹாஸ்டல்ல மலையாளத்துப் பிள்ளைக பதினோரு பேரு மாட்டிக்கிச்சுக. மேனேஜ்மென்ட் கேட்ல வாட்ச்மேனைக் கூட்டிப் போட்டுச்சு, நோட்டீஸ் ஒட்டுச்சு. அக்கா வீட்டுக்குப் போகாம மூணு ராத்திரி ஹாஸ்டல் வாசல்ல பாயை விரிச்சுப் படுத்துச்சு. அதுல ரெண்டு பிள்ளைக இன்னும் எங்ககிட்ட வேலை பாக்குதுக. அவங்களை வேற ஆஸ்பத்திரி கூடச் சம்பளத்துக்குக் கூப்பிட்டும் போகல. அந்த வருஷ அப்ரைசல்ல அக்காவுக்கு இதுக்குன்னு கட்டமே இல்லை.

எம்டிக்கு எழுதினது இதுதான். ஃபார்ம் இருக்கட்டும், ஆனா மார்க்கோட சேக்க வேண்டாம், அவனவன் தன்னைப் பாத்துக்கறதுக்கு வச்சுக்கட்டும். மேனேஜரைப் பத்திக் கீழ வேலை செய்யறவங்ககிட்ட, பேர் போடாம, கேளுங்க. வார்டு வாரியா யாரு எத்தனை மாசத்துல வேலையை விட்டுப் போறாங்கன்னு பாருங்க. ஐசியுக்கு ஒரு சிஸ்டர் உடனே. 'யாருக்குச் சொன்னோம், என்ன உறவு, எத்தனை மணி' வரி நிரம்பாம ஃபைல் குளோஸ் ஆகக் கூடாது, கவுண்டர்ல ஜன்னல் வழியா கூப்பிடக் கூடாது. உரிமைப் பட்டியலையும் எழுதிட்டேன்மா, எழுத மாட்டேன்னு நீங்க சொன்னதாலயே.

எம்டி படிச்சுட்டு, "இந்த வரி எழுதறதால டிஸ்சார்ஜ் எவ்வளவு லேட் ஆகும்?"னு மட்டும் கேட்டாரு. பத்து நிமிஷம்னேன். யோசிச்சுச் சொல்றேன்னாரு. சிஸ்டர் விஷயத்தைப் பேசவே இல்லை. ஃபார்ம் அடுத்த மாசம் மறுபடி உண்டாம், மார்க்கோடதான்.

வாத்தியாருக்குக் கடைசியா ஒண்ணு. இந்தத் தடவை எனக்கு நான் எவ்வளவு போட்டுக்க? நெசமாச் சொன்னா 4 தாண்டாது.

---

பதில் 4: சித்தூர் வாத்தியார்

6 போடுங்க. புள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டாமா? அப்படியே அக்காவோட ஃபார்மையும் வாங்கி, பக்கத்துல உக்காந்து 6 போட வையுங்க. ஒத்துக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கறேன்.